பிறைப் பெரணி

வடக்கே குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள் கறிவேப்பிலைக் கன்றின் கதை இல்லாத குடும்பம் அரிது. ஊரிலிருந்து புறப்படும்போது ஈரச் சாக்கில் சுற்றி, இரயிலில் இரண்டு இரவு மடியில் வைத்துக் காத்து, தில்லியின் குளிருக்குத் தப்பவேண்டுமே என்று மார்கழி, தை மாதங்களில் இரவுதோறும் வீட்டிற்குள் தூக்கி வைத்து வளர்த்த கன்று அது. இன்று அதுவே அண்டை வீட்டார்க்கும் இலை கொடுக்கும் அளவிற்குத் தழைத்து நிற்கிறது. துளசியும் மல்லிகையும் அவ்வாறே வந்தன. இதனால் நம் உள்ளத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வேரோடும் தாய்மண்ணோடும் பெயர்த்து வந்து, அன்போடு நீர் வார்த்தால், எந்தச் செடியும் எந்த மண்ணிலும் பிழைக்கும் என்பதே அந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய ஒரு சிறு செடியைப் பற்றியது இக்கட்டுரை. அது கைவிரல் நீளமே உடையது, பூப்பதில்லை, காய்ப்பதில்லை, ஆண்டு முழுவதற்கும் ஒரே ஓர் இலை விடுவது. ஆயினும் அதன் வாழ்க்கையை அறிந்த பின்னர், செடி என்றால் என்ன என்பதைப் பற்றியே என் எண்ணம் மாறிவிட்டது.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், பள்ளி விடுமுறை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, குடும்பத்துடன் மணாலிக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து மேலே ஏறினால் தேவதாரு மரங்கள் முடிந்து, புல்வெளி தொடங்குகிறது. இத்தகைய மேட்டுப் புல்வெளியை இமாசலத்து மக்கள் ‘தாச்’ என்பர். கடுவாலில் ‘புக்யால்’ என்பர். காசுமீரத்தில் குல்மர்க், சோன்மர்க் என்னும் ஊர்ப்பெயர்களில் வரும் ‘மர்க்’ என்பதும் இதுவே. கத்தி இடையர்கள் கோடைதோறும் தம் ஆடுகளை ஓட்டி வரும் வெளிகள் இவை. அங்கே பாசி படர்ந்த ஒரு பாறையின் அடியில், பத்து வயதான என் மகன் மூன்று சிறு செடிகளைக் கண்டான். “அப்பா, இதோ பாருங்கள், இலை முழுவதும் பிறை பிறையாக இருக்கிறது!” என்று கூவினான்.

கண்டவன் காண்பதோடு நில்லாமல், பேனாக்கத்தியால் ஒன்றைத் தோண்டி எடுத்து, பிஸ்கட் டப்பாவில் மண்ணோடு வைத்துக்கொண்டான். நானும் தடுக்கவில்லை, கறிவேப்பிலை வந்த வழியில் இதுவும் வரட்டுமே என்று எண்ணினேன். தில்லி சேர்ந்ததும் வெயில் படாத மூலையில் தொட்டி வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்தான். எட்டாம் நாள் இலை மஞ்சளித்துச் சாய்ந்தது. புதிய தளிர் வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்தான். வரவில்லை.

வாடிய இலையையும், மலையில் எடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டு நம் சங்கத்து உறுப்பினரான ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் சென்றோம். அவர் இலையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துச் சிறிது நேரம் நோக்கினார். பின்னர், “தம்பி, இலையைக் கிள்ளியிருந்தால் அது அடுத்த ஆண்டும் வந்திருக்கும். நீ அதன் வீட்டையே விட்டுவிட்டு அதை மட்டும் கொண்டு வந்துவிட்டாய்” என்றார். அதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அவர் எடுத்துரைத்தவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெயரும் அடையாளமும்

இச்செடியை ஆங்கிலத்தில் ‘மூன்வொர்ட்’ என்பர். நிலவுப் பூண்டு என்று பொருள்படும். விஞ்ஞானப் பெயர் ‘போட்ரிகியம் லுனாரியா’. முதற்சொல், திராட்சைக் குலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. இரண்டாம் சொல், நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதனை வேறொரு பெரணி இனத்தோடு சேர்த்திருந்தார். பின்னர் அந்நாட்டவரே ஆன சுவார்ட்ஸ் இதற்குத் தனி இனம் வகுத்தார். நாம் இதனைப் பிறைப் பெரணி என்றே அழைப்போம். பெயரிலுள்ள பிறையும் குலையும் செடியை நேரில் கண்டால் உடனே விளங்கும்.

முதல் அடையாளம் அளவு. பெரும்பாலும் 2 முதல் 6 அங்குல உயரமே இருக்கும். புல்லைவிடத் தாழ்ந்தே நிற்பதும் உண்டு. நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படாது. மண்டியிட்டுத் தேடுபவருக்கே அகப்படும்.

இரண்டாவது, ஒரே காம்பு இரு கிளையாகப் பிரிவது. ஒரு கிளை பச்சை இலையாக விரியும். மற்றொன்று அதனைவிட உயர்ந்து, கிளைத்த குலையாக நிற்கும். இவ்விரண்டும் சேர்ந்ததே ஓர் இலை. ஆண்டுக்கு ஒன்று என்பது இதனையே.

மூன்றாவது, பச்சைக் கிளையின் வடிவம். நடு ஈர்க்கின் இருபுறமும் எதிர் எதிராக 4 முதல் 9 இணை வரை சிற்றிலைகள் அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் விசிறியையோ அரைநிலவையோ ஒத்திருக்கும். ஒன்றன் விளிம்பு அடுத்ததன்மீது சற்றே ஏறியிருத்தலும் உண்டு. தொட்டால் தடிப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சிற்றிலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நடுநரம்பு என ஒன்று தோன்றாது. நரம்புகள் அடியிலிருந்து விசிறிக் கம்பிகள்போல் விரிந்து செல்லும்.

நான்காவது, குலை. கடுகினும் சிறிய உருண்டைகள் கிளைகளில் வரிசையாக ஒட்டியிருக்கும். இளமையில் பசுமஞ்சளாகவும் முதிர்ச்சியில் பழுப்பாகவும் காணப்படும். இவை காய்களும் அல்ல, விதைகளும் அல்ல. வித்துத்துகள் நிறைந்த பைகள். முதிர்ந்ததும் குறுக்கே வெடித்து, இரு இதழாக வாய் திறந்து, மாவு போன்ற துகளைக் காற்றில் விடும். நாம் தொட்டியில் வளர்க்கும் பெரணிகளின் இலைக்கு அடியில் காணும் ஒரு சிறு பையில் பெரும்பாலும் 64 துகள்களே இருக்கும். பிறைப் பெரணியின் ஒரு பையிலோ ஆயிரத்திற்கும் மேற்பட்டவை இருக்கும்.

ஐந்தாவது அடையாளம் இளமையில் காண்பது. ஏனைய பெரணிகளின் தளிர், கோயில் தூணில் யாளியின் துதிக்கை சுருண்டிருப்பதுபோல் சுருண்டு எழும். பிறைப் பெரணியின் இலை அவ்வாறு சுருள்வதில்லை. மடிந்து நிமிர்ந்தபடியே மண்ணைப் பிளந்து வரும்.

மலைச்சாரலில் நீர்க்கசிவுள்ள இடங்களில் விசிறி இலையுடன் வேறொரு பெரணியும் உண்டு. தோட்டக்காரர்கள் ‘மெய்டன்ஹேர்’ என்று கூறும் அதனை இதுவென மயங்குதல் கூடும். அதன் காம்பு கம்பி போல மெலிந்து கறுத்துப் பளபளக்கும்; இலை மெல்லியதாய்க் காற்றில் ஆடும்; தனிக் குலை இராது. காம்பின் நிறத்தைப் பார்த்த அளவிலேயே மயக்கம் தெளியும்.

ஒன்று சொல்லவேண்டும். ஐரோப்பா, வட ஆசியா, அமெரிக்கா, இமயம் எங்கும் பரந்துள்ள ஒரே செடி என்று இதனை நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து வாரன் வாக்னரும் அவர் துணைவியார் புளோரன்சும் பல்லாண்டு நுணுகி ஆராய்ந்து, ஒன்றுபோல் தோன்றுபவை பல வேறு இனங்கள் என்று காட்டினர். அதன்பின் வந்த மரபணு ஆராய்ச்சிகளும் இதனை உறுதி செய்தன. ஆகவே மலையில் ஒன்றைக் கண்டால், பிறைப் பெரணிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இனங்காண்பதே நம் போன்றார்க்குப் போதும். அதற்குமேல் ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை.

பூட்டும் லாடமும்

பிறை வடிவமுள்ள இலையைக் கண்ட மனிதன் கதை கட்டாமல் இருப்பானா? ஐரோப்பிய நாட்டுப்புறங்களில், இந்தப் பூண்டைப் பூட்டின் துளையில் வைத்தால் பூட்டுத் திறந்துகொள்ளும் என்றும், இதன்மீது மிதிக்கும் குதிரையின் லாடம் கழன்று விழும் என்றும் நம்பினர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில மூலிகை மருத்துவர் கல்பெப்பர் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். இங்கிலாந்தின் டெவன்ஷயர்ப் பகுதியில், டிவர்ட்டன் என்னும் ஊரையடுத்த ஒரு மேட்டுவெளியில் எசெக்ஸ் பிரபுவின் குதிரைப்படை அணிவகுத்து நின்றதாம். அங்கே 30 லாடங்கள் கழன்று கிடந்தனவாம். அவற்றுள் பல அண்மையில் அடிக்கப்பட்டவையாம். இதற்குக் காரணம் பிறைப் பெரணியே என்று ஊரார் பேசிக்கொண்டனர். பிறைக்கும் லாடத்திற்கும் உள்ள உருவ ஒற்றுமையே இக்கதைக்கு வித்தாக இருந்திருக்கலாம்.

இரசவாதிகளும் இதனை விடவில்லை. அவர்கள் கணக்கில் பொன்னுக்குச் சூரியனும் வெள்ளிக்குச் சந்திரனும் உரியவர்கள். எனவே பாதரசத்தை வெள்ளியாக்கச் சந்திரப் பூண்டு உதவும் என்று கொண்டனர். நம் நாட்டிலும் இதற்கு இணையான கற்பனை உண்டு. சுசுருத சங்கிதையில் கூறப்படும் சோமக்கொடி, வளர்பிறையில் நாளுக்கு ஓர் இலையாகப் பதினைந்து இலை விட்டு, தேய்பிறையில் நாளுக்கு ஒன்றாக உதிர்க்கும் என்பர். பிறைப் பெரணிக்கும் அதற்கும் உறவில்லை. ஆண்டுக்கு ஓர் இலை விடும் செடிக்கு நாளுக்கு ஓர் இலை ஏது? ஆயினும் நிலவோடு செடியைச் சேர்த்துப் பார்க்கும் மனம் எங்கும் ஒன்றே என்பது புலனாகிறது.

இத்தகைய கதைகள் எழுந்ததற்கு மற்றொரு காரணமும் கூறலாம். இச்செடி ஓராண்டு காணப்பட்ட இடத்தில் மறு ஆண்டு காணப்படாது. பின்னர் ஒரு நாள் அதே இடத்தில் மீண்டும் நிற்கும். மறைந்து தோன்றுவதை மாயம் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் உண்மை, மாயத்தினும் வியப்பானது.

இருளில் ஒரு பிறவி

பெரணிகள் எல்லாம் இருபிறப்பு உடையவை. வித்துத்துகள் முளைத்தால் நேரே பெரணி தோன்றுவதில்லை; வேறோர் உருவமுள்ள சிறு உடல் முதலில் தோன்றும். அதில் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகிச் சேர்ந்த பின்னரே, நாம் பெரணி என்று அழைக்கும் செடி பிறக்கும். பொதுவாக அந்த முதற்பிறவி, நகத்தளவுள்ள பச்சைத் தகடாக ஈர மண்ணின்மேல் ஒட்டிக்கொண்டு, வெயிலில் தானே உணவு சமைத்து வாழும்.

பிறைப் பெரணியின் முதற்பிறவியோ வெயிலைக் காண்பதே இல்லை. துகள் மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கி, இருளிலேயே முளைக்கிறது. அதிலிருந்து தோன்றும் உடல், பச்சையம் சிறிதுமின்றி, மிகச் சிறிய கிழங்கு போல மண்ணுக்குள் கிடக்கிறது. 1906-இல் ஜெர்மானிய அறிஞர் புருக்மன் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பச்சையம் இல்லாதது உணவு சமைப்பது எங்ஙனம்? அது சமைப்பதில்லை. மண்ணில் நூல்போல் பரவியிருக்கும் ஒருவகைப் பூசணம் அதன் உடலுக்குள் புகுந்து அதற்கு உணவூட்டுகிறது. அப்பூசணத்திற்கு உணவு ஏது என்றால், சுற்றிலும் உள்ள புல் பூண்டுகளின் வேர்களிலிருந்து வருவதே. சுருங்கச் சொன்னால், புல் வெயிலில் சமைத்ததைப் பூசணம் சுமந்து வந்து, இருளில் கிடக்கும் இந்தச் சேய்க்கு ஊட்டுகிறது.

இரண்டாம் பிறவியாகிய செடியும் பல ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே வளர்ந்த பின்னர்தான் முதல் இலையை வெளியே நீட்டுகிறது. அப்போதும் பழைய உறவு அறுவதில்லை. அதன் வேர்கள் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். ஏனைய செடிகளுக்கு உள்ள நுண்ணிய வேர்த்தூவிகள் அவற்றுக்கு இல்லை. மண்ணிலிருந்து நீரையும் உப்புக்களையும் திரட்டும் பணியைப் பூசணமே செய்கிறது. இந்த ஆதரவு இருப்பதால் ஓராண்டோ, அதற்கு மேலோ இலை விடாமல் மண்ணுக்குள் உறங்கவும் அதனால் முடிகிறது. மறைந்தது இறந்தது அன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வாண்டு இலையின் அடிக்காம்பைக் கவனத்துடன் பிளந்து பார்த்த அறிஞர்கள், அதனுள் அடுத்த ஆண்டின் இலையும், அதற்கடுத்த ஆண்டின் இலையும் ஒன்றனுள் ஒன்றாக ஒடுங்கியிருப்பதைக் கண்டனர். ஆடு மேய்ந்து மேலுள்ள இலை போனாலும் இந்த மொட்டு பிழைத்துக்கொள்ளும். அடியோடு பெயர்த்தாலோ, ஓர் ஆண்டின் இலை மட்டுமன்றி வரும் ஆண்டுகளின் இலைகளும் உடன் போய்விடும்.

பேராசிரியர் ‘வீடு’ என்று கூறியது எது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கறிவேப்பிலை தன் வேரால் தானே உண்ணும் செடி. பிடிமண் போதும், எங்கும் வாழும். பிறைப் பெரணியின் வாழ்வோ பாதி தன்னுடையது, பாதி அயலாருடையது. புல்வெளியும் பூசணமும் இல்லாத தொட்டியில் எத்தனை நீர் வார்த்தும் பயனில்லை. புதிய ஊரில் வந்திறங்கிய நாளில் இருக்க இடமும் உண்ணச் சோறும் தந்த அண்டை அயலாரை மறவாத நமக்கு இது புரியாத செய்தி அன்று.

நம் நாட்டு உறவினர்

பிறைப் பெரணி குளிர்நாட்டுச் செடி. நம் நாட்டில் இமயத்தின் மேட்டுவெளிகளே அதன் இருப்பிடம். ஆயினும் அதன் உறவினர் தமிழ்நாட்டிலும் உளர். நீலகிரி, பழனி மலைகளின் சோலைக் காடுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பெரணிகள் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றன் இலை கேரட் இலையைப் போல் நுணுக்கமாகப் பிரிந்திருப்பதால் அப்பெயராலேயே வழங்குகிறது. சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவில் பணியாற்றிய பெட்டோம், 1863-64-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூல், இத்துறையில் இன்றும் போற்றப்படுகிறது.

சமவெளியில் மழைக்குப் பின் புல்லிடையே தோன்றும் மற்றோர் உறவினரும் உண்டு. பிளவுபடாத ஒரு சிற்றிலையும், நாக்குப்போல் நீண்ட ஒரு கதிரும் உடையது. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பாம்பின் நாக்கு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. உயிரணுவில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் மனிதனுக்கு 46. பிறைப் பெரணிக்கு 90. இந்த நாக்குப் பெரணிகளுள் ஒன்றற்கோ ஆயிரத்திற்கும் மேல் என்பதை 1954-இல் திருவனந்தபுரத்து அறிஞர்கள் ஆபிரகாம், நைனான் ஆகியோர் எண்ணிக் கண்டனர். பிற்கால ஆய்வுகளில் 1,440 வரை எண்ணப்பட்டுள்ளன. தாவரங்களில் இதற்கு மேற்பட்ட எண்ணிக்கை வேறெதற்கும் அறியப்படவில்லை. காலடியில் மிதிபடும் ஒரு பூண்டிற்கு இப்பெருமை!

காண்போர் கடன்

கோடையில் இமயப் பகுதிகளுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல. 10,000 அடிக்கு மேற்பட்ட புல்வெளிகளில், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, குட்டைப் புல்லிடையிலும் பாறை ஓரங்களிலும் தேடினால் இதனைக் காணும் வாய்ப்பு உண்டு. கண்டால், குழந்தைகளை மண்டியிட்டு அமரச் சொல்லுங்கள். சிற்றிலை எத்தனை இணை, குலை முதிர்ந்துள்ளதா, அருகே வேறு செடிகள் எவை என்று குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, குலையை நெருங்கி ஒன்று என மூன்று படங்கள் இருந்தால் அறிந்தவர் இனங்காண்பது எளிது. ஆனால் கத்தி வேண்டா. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றிச் செடியைப் பெயர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஓரிடத்தில் மட்டும் குவிந்து நின்று மிதிப்பதையும் தவிர்க்கவேண்டும். மிதிபட்டு இறுகும் மண்ணின் கீழே, கண்ணுக்குத் தோன்றாத சேய்கள் கிடக்கக்கூடும்.

எங்கள் கதையின் முடிவையும் கூறிவிடுகிறேன். 2023-இல் மீண்டும் அதே பாறைக்குச் சென்றோம். விட்டுவந்த இரண்டு செடிகளில் ஒன்றுகூட இல்லை. என் மகன் பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, “நான் தோண்டியதால் எல்லாமே செத்துவிட்டன” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கி வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. தில்லி வந்ததும் பேராசிரியரிடம் அழைத்துச் சென்றேன். “உறங்குகிறதோ, இறந்ததோ, தோண்டிப் பார்த்தால்தான் தெரியும், தம்பி. ஆனால் தோண்டினால் உறங்குவதும் இறந்துவிடும். நாம் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றே” என்றார் அவர்.

2024-இல் அவனே எங்களை வற்புறுத்தி அழைத்துச் சென்றான். பாறையின் அடியில் ஒரு பிறைப் பெரணி நின்றது. ஐந்து இணை சிற்றிலையும் ஒரு குலையும் இருந்தன. நான்கு விரல் தள்ளி, குலையில்லாத மிகச் சிறிய ஒன்று, இரண்டே இணை இலையுடன் தலைகாட்டியிருந்தது. உறங்கி விழித்தது எது, புதிதாகப் பிறந்தது எது என்று அறியவேண்டுமானால் மண்ணைக் கிளறியிருக்க வேண்டும். அவன் கிளறவில்லை. அளந்து எழுதிக்கொண்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான்.

கறிவேப்பிலை நாம் போகும் இடத்திற்கெல்லாம் நம்மோடு வரும். பிறைப் பெரணியைக் காணவேண்டுமானால், அது இருக்கும் இடத்திற்கு நாம்தான் போகவேண்டும்.